காரின் கண் மங்கினால்

மனிதர்களுக்கு வயதானால் முதலில் கண் மங்குகிறது. மோட்டார் வண்டிகளின் விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். எஞ்சின் என்னும் இருதயம் திடமாக அடித்துக்கொண்டிருக்கும். சக்கரங்களாகிய கால்களும் தள்ளாடாமல் ஓடும். அந்தி சாய்ந்து விளக்கைப் போட்டதும்தான் வயோதிகத்தின் உண்மை வெளிப்படும். முன்விளக்குகளில் ஒன்று பளிச்சென்று எரியும். மற்றொன்றோ எண்ணெய் வற்றிய அகலைப்போல் சிவந்து மினுக்கும். திரும்புவதற்கு அடையாள விளக்கைப் போட்டால், சம்பந்தமே இல்லாத பின்விளக்கும் கூடச் சேர்ந்து கண் சிமிட்டும். சில சமயம் எல்லா விளக்குகளும் ஒரே மூச்சில் அணைந்துபோய், வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் தாமாகவே எரியத் தொடங்கும்.

நம் நாட்டில் பழைய கார் என்றவுடன் மனக்கண்முன் வந்து நிற்பது அம்பாஸிடர்தான். இங்கிலாந்தில் பிறந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாவது வரிசையை மூலமாகக் கொண்டு, கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதியில் உருவாகத் தொடங்கிய அந்த வண்டியின் உற்பத்தி 2014-ல்தான் நின்றது. பாட்டனார் வாங்கிய வண்டியைப் பேரன் துடைத்துத் துடைத்து ஓட்டும் வீடுகள் இன்றும் உண்டு. அத்தகைய வீட்டாருக்குத்தான் இந்த வாரத்து விஷயம் முக்கியமாக உபயோகப்படும்.

விளக்கு எரியவில்லை என்றால் நாம் சாதாரணமாக என்ன செய்கிறோம்? முதலில் பல்பை மாற்றுகிறோம். பிறகு பாட்டரியைக் குறை சொல்லிப் புதிது வாங்குகிறோம். அதற்கும் மசியாவிட்டால், அடிக்கடி எரிந்துபோகும் பியூஸை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் போடுகிறோம். மூன்றும் செய்தும் வியாதி தீராவிட்டால், "பழைய வண்டி ஸார், அப்படித்தான் இருக்கும்!" என்று மெக்கானிக் கையை விரிக்கிறார். முதல் இரண்டினாலும் பணம்தான் நஷ்டம். மூன்றாவதினால் வண்டிக்கும், சில சமயம் அதில் இருப்பவர்களுக்குமே ஆபத்து. உண்மையில் பழைய வண்டியின் விளக்கு வியாதிகளில் பெரும்பாலானவை பல்பிலும் இல்லை, பாட்டரியிலும் இல்லை. மின்சாரம் போய் வருகிற வழியில் இருக்கின்றன. அதிலும், அது திரும்பி வருகிற வழியில்தான் நாம் பார்வையைச் செலுத்துவதே இல்லை.

கோயில் தேரை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நிலையிலிருந்து புறப்பட்ட தேர் நான்கு மாட வீதிகளையும் சுற்றி மறுபடியும் நிலைக்கு வந்து சேரவேண்டும். மூன்று வீதிகள் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்து, நாலாவது வீதியில் ஒரு பள்ளம் இருந்தாலும் தேர் நிலைக்கு வராது. மின்சாரமும் அவ்விதமே. பாட்டரியின் ஒரு முனையில் புறப்பட்டு, பியூஸ், ஸ்விட்சு, கம்பி வழியாகச் சென்று, பல்பின் இழையைக் காய்ச்சி ஒளிரச் செய்துவிட்டு, பாட்டரியின் மறுமுனைக்குத் திரும்பினால்தான் விளக்கு எரியும். வீதியில் எந்த இடத்தில் தடை இருந்தாலும் ஊர்வலம் முழுவதுமே தடைப்படுகிறது.

போகிற வழிக்குக் கம்பி இருக்கிறது. திரும்புகிற வழிக்கு என்ன இருக்கிறது? பெரும்பாலான பழைய வண்டிகளில் வண்டியின் இரும்பு உடம்பேதான் அந்த வழி. பாட்டரியின் ஒரு முனையைத் தடித்த பட்டையால் உடம்புடன் பிணைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு விளக்கும் தன் மின்சாரத்தை அருகிலுள்ள தகட்டில் விட்டுவிடுகிறது. இதையே 'எர்த்' என்கிறோம். பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். இதற்கும் பூமிக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நிற்கும் வண்டிக்கு மண்ணோடு என்ன உறவு?

கம்பிச் செலவைப் பாதியாகக் குறைக்கும் இந்த யுக்தி, வண்டி புதிதாக இருக்கும்வரை அழகாகவே வேலை செய்கிறது. பத்து மழைக்காலம் கழிந்த பிறகு என்ன ஆகிறது? விளக்கின் கூடு தகட்டைத் தொடும் இடத்தில் துரு ஏறுகிறது. பித்தளை முனைகளில் களிம்பு பிடிக்கிறது. வண்டிக்குப் புதுச் சாயம் பூசும்போது, திருகாணி உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். சாயமோ மின்சாரத்தைக் கடத்தாது. கண்ணுக்கு வண்டி புதுமாப்பிள்ளைபோல் ஜொலிக்கும். விளக்கு மட்டும் முன்னைவிட மங்கும்.

இந்தச் சின்னத் துரு எவ்வளவு கெடுதல் செய்துவிடும் என்று கேட்கலாம். ஜெர்மானியரான ஓம் என்பவர் 1827-ல் வெளியிட்ட விதியைக்கொண்டு எளிதில் கணக்குப் பார்த்துவிடலாம். 60 வாட் முன்விளக்குகள் இரண்டு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அந்தப் பாதையில் ஓரிடத்தில், ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குதான் தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்திலேயே 1 வோல்ட் விழுங்கப்பட்டுவிடும். பல்புக்குக் கிடைப்பது 11 வோல்ட்தான். பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் வெளிச்சமும் பன்னிரண்டில் ஒரு பங்குதானே குறையும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். இழை பல்பின் ஒளி, வோல்டைவிட மிக வேகமாக விழுகிற சுபாவமுடையது. 1 வோல்ட் குறைந்தால் சுமார் கால்பங்கு வெளிச்சம் போய்விடும்; 2 வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய பாதி போய்விடும். இழையின் சூடு தணிவதால், மிஞ்சிய வெளிச்சமும் வெண்மை மாறிச் சிவந்து நிற்கும்.

விழுங்கப்பட்ட அந்த 1 வோல்ட் எங்கே போயிற்று? உஷ்ணமாக மாறிற்று. 10 ஆம்பியரும் 1 வோல்ட்டும் சேர்ந்தால் 10 வாட். ஒரு சின்னப் பற்றவைப்புக் கோலைப் பழைய ஸ்விட்சின் வயிற்றுக்குள் சொருகி வைத்ததற்கு இது சமானம். விளக்கு எரியும்போது ஸ்விட்சோ பியூஸ் பெட்டியோ தொட்டால் சுடுகிறது என்றால், அங்கேதான் வெளிச்சம் திருட்டுப் போகிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். நல்ல வைத்தியர் மருந்துப் பெட்டியைத் திறப்பதற்குமுன் நோயாளியைக் கேள்வி கேட்பார். நாமும் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: கெட்டிருப்பது எல்லா விளக்குகளுமா, ஒரு ஜோடியா, அல்லது ஒற்றை விளக்கா?

எல்லாமே கெட்டிருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்கவேண்டும். பாட்டரி முனைகளைப் பார்க்கவேண்டும். அங்கே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்துக் கழுவி, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் போதும். கழுவும் நீர் பாட்டரியின் வாய்களுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுகியிருக்கவேண்டும். பாட்டரியிலிருந்து உடம்புக்குச் செல்லும் பட்டையையும், உடம்பிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் பட்டையையும் கழற்றிப் பார்ப்பது அவசியம். நல்ல நிலையிலுள்ள பாட்டரி, வண்டி நின்று சில மணி நேரமான பின் 12.6 வோல்ட் காட்டும்; 12-க்குக் கீழே காட்டினால் அது ஏறக்குறையக் காலி.

ஒரு ஜோடி மட்டும் கெட்டிருந்தால், அந்த ஜோடிக்குப் பொதுவான பியூஸ் அல்லது ஸ்விட்சின்மேல் சந்தேகம் செல்லவேண்டும். பிரைட் எரிந்து டிம் எரியவில்லை, அல்லது டிம் எரிந்து பிரைட் எரியவில்லை என்றால், இரண்டையும் மாற்றிக்கொடுக்கும் ஸ்விட்சைச் சோதிக்கவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் அது ஓட்டுபவரின் இடது காலடியில் இருக்கும். செருப்பு மண்ணும் மழைத் தண்ணீரும் அதன்மேல் விழாமல் வேறெங்கே விழும்?

ஒற்றை விளக்கு கெட்டிருந்தால் பல்பு, அதன் ஹோல்டர், அதன் எர்த் ஆகிய மூன்றைத் தவிர வேறெங்கும் தேடவேண்டியதில்லை. வலப்பக்கத்துப் பல்பை இடப்பக்கத்தில் போட்டுப் பார்த்தால் பல்பின் குற்றமா அல்லவா என்பது அரை நிமிஷத்தில் தெரிந்துவிடும். பல்பு யோக்கியமானதாயின், எர்த்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. நீளமான கம்பி ஒன்றை எடுத்து, ஒரு நுனியை பாட்டரியில் உடம்போடு சேர்ந்திருக்கும் முனையிலும், மறு நுனியை விளக்குக் கூட்டின் உலோகத்திலும் அழுத்திப் பிடிக்கவேண்டும். மங்கிய விளக்கு பிரகாசித்தால் ரகசியம் வெளியாகிவிட்டது. திரும்பும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கம்பியைத் தவறிப்போய் பாட்டரியின் மற்ற முனையில் வைத்துவிட்டால் பெரும் பொறி பறக்கும். ஆகையால் எது எந்த முனை என்று நிச்சயம் செய்துகொண்டு தொடவேண்டும்.

அடையாள விளக்கைப் போடும்போது பின்விளக்கும் சிமிட்டுகிறதே, அந்த மாயமும் இந்த எர்த்தின் திருவிளையாடல்தான். ஒரே கூட்டிலுள்ள பல்புகளுக்குப் பொதுவான எர்த் அடைபட்டால், மின்சாரம் சும்மா இராது. பக்கத்துப் பல்பின் இழை வழியாகவே புகுந்து வேறு பாதையில் வீடு திரும்பப் பார்க்கும். அப்போது எரியக்கூடாத விளக்கு எரியும், எரியவேண்டியது மங்கும். இதற்குப் பல்பு மாற்றுவது, தலைவலிக்குத் தலையணையை மாற்றுவதுபோலத்தான்.

மின்சாரம் போகிற வழியைப் பரீக்ஷை செய்ய ஒரு சோதனை விளக்கு வேண்டும். 12 வோல்டில் எரியும் சிறு பல்பு ஒன்றும், இரண்டு முழக் கம்பியும், நுனியில் க்ளிப்புகளும் போதும். ஒரு க்ளிப்பை வண்டியின் சுத்தமான உலோகத்தில் மாட்டிக்கொண்டு, மறு நுனியால் பியூஸுக்கு முன், பியூஸுக்குப் பின், ஸ்விட்சுக்கு முன், ஸ்விட்சுக்குப் பின் என்று வரிசையாகத் தொட்டுப் பார்க்கவேண்டும். கடைசியாக எரிந்த இடத்துக்கும் முதலில் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் திருடன் ஒளிந்திருக்கிறான். இந்த விளக்கை வீட்டுச் சுவர் மின்சாரத்தில் ஒருபோதும் உபயோகிக்கக்கூடாது.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நுட்பமான வழி இருக்கிறது. விளக்கை எரியவிட்டபடியே, மீட்டரின் ஒரு முள்ளைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை விளக்குக் கூட்டிலும் வைக்கவேண்டும். ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் திரும்பும் வழி சுத்தம். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அத்தனையும் வழியில் விழுங்கப்படுகிறது. விளக்கை அணைத்துவிட்டு இப்படி அளந்தால் பிரயோஜனம் இல்லை. தேர் ஓடும்போதல்லவா வீதியின் பள்ளம் தெரியும்?

கோளாறு தெரிந்தபின் செய்யவேண்டியது மிகச் சொற்பம். திருகாணியைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, ஈரம் படாமல் மேலே பூசிவிடவேண்டும். இன்னும் நிரந்தரமான பரிகாரம் வேண்டுமானால், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கறுப்புக் கம்பியை உடம்பின் நல்ல இடத்துக்கு இழுத்துவிடலாம். ஒரு பல்பின் விலைகூட ஆகாது.

கறுப்பு என்று சொன்னது காரணமில்லாமல் அல்ல. 1950-களின் பிரிட்டிஷ் வண்டிகளில் கம்பிகளின் நிறத்துக்கு ஓர் இலக்கணம் இருந்தது. எர்த் கறுப்பு; பாட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு; முன்விளக்கு நீலம், அதிலும் வெள்ளைக் கோடிட்டது பிரைட், சிவப்புக் கோடிட்டது டிம்; பக்கவிளக்கும் பின்விளக்கும் சிவப்பு; அடையாள விளக்குகள் பச்சையில் கோடிட்டவை. அந்த மரபில் வந்த வண்டியில் இந்த இலக்கணம் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. ஆனால் பல கை மாறிய வண்டியில், அகப்பட்ட நிறத்தில் அகப்பட்ட கம்பியை முடிந்திருப்பார்கள் என்பதையும் மறக்கலாகாது. முன்னோர் எழுதிய இலக்கணம் இருக்கலாம். இடையில் வந்த புலவர்கள் அதைப் பின்பற்றவேண்டுமே!

அந்த நாளைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மின்சாரச் சாமான்கள் செய்துகொடுத்தது பர்மிங்ஹாம் நகரத்து ஜோஸப் லூகாஸ் கம்பெனி. அதே கம்பெனியும் டி.வி.எஸ். நிறுவனமும் சேர்ந்து 1961-ல் தொடங்கியதுதான் சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ்-டி.வி.எஸ். விளக்குகள் அணைந்துபோன எரிச்சலில் வெள்ளைக்காரர்கள் லூகாஸுக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டம் சூட்டிப் பரிகசிப்பது வழக்கம். பரிகாசம் சுவையானதுதான், நியாயமானதுதானா என்பது வேறு விஷயம். நாற்பது வருஷம் மழையில் நனைந்த எர்த் திருகாணியை ஒருமுறைகூடத் துடைக்காதவர்கள் செய்தவனைத் திட்டினால், இளவரசர் பாவம், என்ன செய்வார்?

இப்போது பியூஸுக்கு வருவோம். பியூஸ் என்பது வீட்டுக் காவல்காரன்போல. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால், தான் உருகி உயிரைவிட்டுக் கம்பியைக் காப்பாற்றுகிறது. அது அடிக்கடி உருகுகிறது என்றால், எங்கோ கம்பியின் உறை கிழிந்து உடம்பைத் தொடுகிறது என்று அர்த்தம். தகட்டுத் துவாரத்தில் ரப்பர் வளையம் உதிர்ந்த இடத்தைப் பாருங்கள். எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். அதை விட்டுப் பெரிய பியூஸைப் போடுவதும், சிகரெட் டப்பியின் ஈயத் தாளைச் சுற்றி வைப்பதும், காவல்காரனைத் துரத்திவிட்டுப் பொம்மையை நிறுத்துவதற்கு ஒப்பாகும். பியூஸ் உருகாவிட்டால் கம்பி உருகும். கம்பிக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் அமைப்பில் முன்விளக்குகளுக்குப் பியூஸே இல்லாத வண்டிகள் அநேகம். அவற்றுக்கு ஒரு பியூஸ் புதிதாகச் சேர்ப்பது மிகவும் விவேகமான காரியம்.

வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போடுவதும் இதே ரகத்தைச் சேர்ந்ததுதான். இரண்டு பல்புகளும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 45 வாட் பல்புக்கென்று அமைந்த பழைய கம்பியும் ஸ்விட்சும் அதைத் தாங்குமா? பாதையில் விழுங்கப்படும் வோல்ட்டும் அதற்கேற்ப அதிகமாகுமே தவிர, சாலையில் வெளிச்சம் எதிர்பார்த்த அளவு கூடாது. அதற்குப் பதில் ரிலே வைத்து, பாட்டரியிலிருந்து பியூஸுடன் தனிக் கம்பி இழுத்தால், பழைய ஸ்விட்சு உத்தரவு மட்டும் கொடுக்கும். பாரத்தைப் புதிய கம்பி சுமக்கும். பழைய பல்பே புதுப் பிரகாசம் காட்டும். எல்.இ.டி. பல்புகளை அப்படியே சொருகுவதும் சரியல்ல. விளக்கின் குழிக்கண்ணாடி இழை இருக்கும் இடத்தைக் குறியாகக் கொண்டு வார்க்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் மாறினால், சாலையில் விழவேண்டிய வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

வேலை செய்யும்போது இரண்டு விஷயங்களை ஞாபகத்தில் வைக்கவேண்டும். பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடவேண்டும். அப்போதுதான் ஸ்பானர் தவறி உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் உடம்போடு சேர்ந்திருப்பது நேர்முனை. பிற்காலத்து வண்டிகளில் எதிர்முனை. எது என்று பார்க்காமல் ரேடியோவையோ வேறு புதுச் சாமானையோ இணைத்தால், அது அன்றே கைலாசம் போய்ச் சேரும்.

இவ்வளவும் ஒரு விளக்குக்காகவா என்று தோன்றலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. சாலையில் ஒருவர் இருப்பதைக் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் சுமார் 50 மீட்டர் கடந்துவிடும். பாதி வெளிச்சத்தில் ஓட்டுகிறவர் அந்த 50 மீட்டருக்கு அப்பால் எதைக் காண்பார்? பின்விளக்கு அணைந்த வண்டியின் பின்னால் வரும் லாரிக்காரருக்கு, முன்னால் ஒரு குடும்பம் போகிறது என்று எப்படித் தெரியும்? நம் விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. பிறர் நம்மைப் பார்ப்பதற்கும்தான். நடுவழியில் விளக்குகள் அணைந்துவிட்டால், நிலா இருக்கிறதே என்று ஓட்டிச் செல்லாமல், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, எல்லோரையும் இறக்கித் தூர நிறுத்தி, பின்னால் வருபவர்களுக்குக் கைவிளக்கினால் எச்சரிக்கை செய்வதே புத்திசாலித்தனம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்காக ஒதுக்குங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து ஒவ்வொரு விளக்காகப் போடட்டும். பிள்ளைகள் முன்னும் பின்னும் நின்று எது எரிகிறது, எது மங்குகிறது என்று உரக்கச் சொல்லட்டும். ஓர் உப்புத்தாள், ஒரு ஸ்பானர், ஒரு சோதனை விளக்கு, கொஞ்சம் வாஸலின். இவற்றால் தீராத விளக்கு வியாதிகள் சொற்பமே. மிஞ்சியதற்கு எலக்ட்ரீஷியனிடம் போகலாம். போகும்போது, "ஸார், எர்த் பார்த்தாகிவிட்டது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குமேல் அவர் உங்கள் தலையில் புது பாட்டரி கட்டத் துணியமாட்டார்.